காமன் வேஷம் கட்டிய கை

கந்தப்பன் காலையில் எழுந்தபோது அவனுடைய வலக்கை மட்டும் எழவில்லை.

கை தோளோடுதான் இருந்தது. முழங்கையும் மடங்கியது. ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே உள்ளது மட்டும், "எனக்கும் உனக்கும் பேச்சே இல்லை" என்பதைப் போலத் துவண்டு தொங்கியது. விரல்களை நீட்டிப் பார்த்தான். அவையும் நீளவில்லை.

"என்னண்ணே, கூத்து இன்னும் முடியலயா?" என்று சிரித்தாள், சாயத்தண்ணித் தேநீர்க் கோப்பையோடு வந்த அவன் தங்கை.

"கூத்து இல்ல வடிவு. நெசமாவே கையத் தூக்க வரல."

வடிவின் சிரிப்பு நின்றுவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவள் முழுப்பெயர் சண்முகவடிவு. வயது பத்து. அவளுக்கு வாய் சும்மா இருக்காது. வாய் சும்மா இருந்தால் கண் சும்மா இருக்காது. கோழி ஏன் கீழ் இமையைத் தூக்கிக் கண்ணை மூடுகிறது, பனிமூட்டம் எந்த மலையிலிருந்து முதலில் இறங்குகிறது என்று எதையாவது துருவிக்கொண்டே இருப்பாள்.

அது 1957ஆம் ஆண்டு, மாசி மாதம். இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கும் ராகலைக்கும் நடுவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முந்தின நாள்தான் காமன் கூத்து நடந்திருந்தது. தவத்தில் இருக்கும் சிவன்மேல் காமன் பூ அம்பு எய்கிறான். சிவன் கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுகிறார். காமனின் மனைவி ரதி அழுது மன்றாடியதும் மீண்டும் உயிர் கொடுக்கிறார். வருஷா வருஷம் பார்க்கிற கதைதான். ஆனாலும் காமன் எரியும்போது தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் பெண்கள் வருஷா வருஷம் அழுவார்கள்.

இந்தத் தடவை காமன் வேஷம் கந்தப்பனுக்கு. அதற்காக அவன் விரதம் இருந்தான். மீன் இல்லை, இறைச்சி இல்லை, சாராயக் கடைப் பக்கமே போகவில்லை. லயத்தில் யாராவது கருவாடு பொரித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மலைக்கு ஓடிவிடுவான்.

வேஷம் கட்டியவர் கூத்து மாஸ்டர் ஆண்டியப்பன். காமனுக்கு இரண்டு தோளிலும் புஜக்கட்டை உண்டு. மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டுகள் பதித்த அணிகலன் அது. ஒத்திகையின்போது வலப்பக்கக் கட்டை நழுவித் தப்பு மேளக்காரர் தலையில் விழுந்துவிட்டது. பாவம், மனிதர் இரண்டு நாள் தலையைத் தடவிக்கொண்டே திரிந்தார். அதனால் கூத்தன்று மாஸ்டர் அந்தக் கட்டையை மேல்கையோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார்.

கூத்து முடிந்தபின் கந்தப்பன் மாஸ்டர் வீட்டு இஸ்தோப்பில், அந்த வாசல் திண்ணையில் இருந்த நாற்காலியிலேயே, அதன் முதுகில் வலக்கையைப் போட்டபடி வேஷத்தோடு தூங்கிப்போனான். விடிந்து பூசை முடித்து வேஷத்தைக் கழற்றியபோது கை மரத்திருந்தது; தூக்கக் கலக்கம் என்று நினைத்து வீட்டுக்கு வந்து படுத்தான். மறுபடி எழுந்தபோதுதான் இப்படி.

செய்தி லயம் முழுவதும் பரவ நேரம் ஆகவில்லை.

"விரதத்த கெடுத்திருக்கான். அதான் காமன் கையப் புடிச்சிட்டாரு" என்று ஒரு வாய் சொன்னது. மற்ற வாய்களும் அதையே சொல்லின.

மாஸ்டர் ஆண்டியப்பன் முகம் கறுத்துப்போய் வந்தார். "உள்ளதச் சொல்லு கந்தா. கருவாடு கிருவாடு தின்னியா? ஒரு மொடக்கு சாராயம்?"

"சத்தியமா இல்ல மாமா!"

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தார். நோவு மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடக் கூடாது என்று, கந்தப்பனின் வலக்கையில் முழங்கைக்கு மேலே நன்றாக இறுக்கிக் கட்டினார். "அமாவாசை வரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. கந்தப்பனைச் சிறு வயதிலிருந்து ஆட்டம் பழக்கியவர்.

கந்தப்பன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். வளர்ந்த தேயிலைச் செடிகளைக் கூரிய கத்தியால் ஒரே வெட்டில் சீவ வேண்டும். தொங்கும் கையால் கத்தியைப் பிடிக்க முடியுமா? அப்பா இல்லாத வீடு. அம்மா வீரம்மா பறிக்கும் கொழுந்தும் கந்தப்பனின் கையும்தான் அந்தக் குடும்பத்தைத் தாங்கின. கை போனதோடு பேரும் கெட்டுவிட்டது. கையைவிட அந்தப் பேச்சுதான் கந்தப்பனை அதிகம் வாட்டியது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அழுதுகொண்டிருக்க வடிவுக்கு நேரம் இல்லை. அவளுக்குக் கேள்விகள் வந்துவிட்டன.

"அண்ணே, தோளத் தூக்கு."

தூக்கினான்.

"முழங்கைய மடக்கு. நீட்டு."

இரண்டும் நடந்தன.

"என் வெரலப் புடி."

மெதுவாகத்தான், ஆனாலும் பிடித்தான். விரல்களால் மூட முடிந்தது. திறக்கத்தான் முடியவில்லை. மணிக்கட்டை மேலே தூக்கவும் முடியவில்லை.

"காமனுக்குக் கோவம்னா முழுக் கையையும் புடிச்சிருக்க மாட்டாரா? ஏன் தொறக்கிற வேலைய மட்டும் நிறுத்தினாரு?" என்றாள் வடிவு.

"அதப் போயி அவருகிட்டயே கேளு" என்றான் கந்தப்பன் எரிச்சலோடு.

அம்மா சுடச்சுட உப்பு ஒத்தடம் கொண்டுவந்தாள். உப்பு மூட்டையைக் கையில் வைத்து அழுத்தினாள். மூட்டை உள்ளங்கையில் பட்டதும், "ஆ! சுடுதம்மா!" என்று கத்தினான் கந்தப்பன். ஆனால் புறங்கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பட்டபோது அவன் பேசாமல் இருந்தான். தோல் மட்டும் சிவந்தது.

"அம்மா, எடு! அங்க சுடுறதே அண்ணனுக்குத் தெரியல!"

அம்மா பதறிப்போய் மூட்டையை எடுத்தாள். வடிவு வெளியே ஓடி ஒரு கோழி இறகைக் கொண்டுவந்தாள்.

"கண்ண மூடிக்க. நான் தொடுறது தெரிஞ்சா சொல்லு."

உள்ளங்கையில் தடவினாள். "தெரியுது." சின்னவிரலில் தடவினாள். "தெரியுது." கட்டைவிரலுக்குப் பின்புறம் தடவினாள். பதில் இல்லை. மறுபடியும் தடவினாள். பதில் இல்லை.

"ஆரம்பி, நான் ரெடி" என்றான் கந்தப்பன்.

"ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு!" என்றாள் வடிவு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை! இவ்வளவு நேரமும் ஒரு காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போய், மரக்கட்டை மாதிரி கிடந்தது. கிள்ளிப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய காலைக் கிள்ளுவதைப்போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் குறுகுறுவென்று உணர்வு திரும்பி வந்தது.

வடிவு அப்படியே நின்றாள்.

தன் காலை எது இப்படிச் செய்தது? அவள் அதன்மேல் உட்கார்ந்தது. அப்படியானால் அண்ணன் கைமேல் எது உட்கார்ந்தது?

அண்ணனின் சட்டைக் கையைச் சுருட்டினாள். மஞ்சள் கயிறு தோலில் பதிந்து கிடந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு தடம் இருந்தது. தடித்த, சிவந்த தடம். புஜக்கட்டை கட்டிய கயிற்றின் தடம்.

"எங்க நசுங்கிச்சோ அதே எடத்துல மறுபடியும் கட்டியிருக்கு!"

"அவுக்காதடி" என்று கையை இழுத்துக்கொண்டான் கந்தப்பன். "ஏற்கனவே விரதம் கெடுத்தவன்னு சொல்றாங்க. சாமி கயித்தையும் அவுத்தான்னு சொல்லணுமா?"

வடிவு யோசித்தாள். கயிறு அங்கே இருக்கக் கூடாது. அவிழ்த்தால் அண்ணன் மனமும் மாஸ்டர் மனமும் நோகும். நேராக மாஸ்டர் வீட்டுக்கு நடந்தாள். மாஸ்டர் கூத்துக் கிரீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? சாமி கயிறு கையிலதான் இருக்கணுமா? கழுத்துல இருந்தா சாமி ஏத்துக்க மாட்டாரா?"

"ஏன் கேக்குற?"

"நோவு நெஞ்சுக்குப் போகக் கூடாதுன்னுதானே கட்டினீங்க? கழுத்துல போட்டா கயிறு நெஞ்சு மேலயே கெடக்கும். காவலுக்கு அதுதானே கிட்ட?"

மாஸ்டர் துடைப்பதை நிறுத்தினார். கூரை மோட்டைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"கழுத்துல போடுறது இன்னும் விசேஷம்தான்" என்றார், இதைத் தானே முதலில் நினைத்ததுபோல. உடனே எழுந்து வந்தார். தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்து, அதோடு இன்னொரு துண்டைச் சேர்த்து முடிந்து, கந்தப்பனின் கழுத்தில் தளர்வாகப் போட்டார்.

"மாமா, அப்படியே அண்ணன டாக்டரையாகிட்டயும் காட்டுவோமா?" என்றாள் வடிவு மெல்ல. "சாமி ஒரு பக்கம் பாக்கட்டும். அவரு ஒரு பக்கம் பாக்கட்டும்."

"வாய் கெட்ட வாய்!" என்றார் மாஸ்டர். ஆனாலும் மறுநாள் காலை தோட்டத்து மருந்தகத்துக்கு அம்மாவோடு அவரும் கூடவே வந்தார்.

மருந்தகத்தில் இருந்தவர் ஞானரட்ணம். தோட்டத்தில் எல்லாரும் அவரை டாக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பிறகு அதைத் தேடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. அன்றும் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

"காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்லைங்க ஐயா" என்றாள் அம்மா.

"கந்தப்பா, சிரி."

"சிரிக்கிற நெலமையிலயா ஐயா இருக்கேன்?"

"சிரிச்சாத்தான் முகம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாக்கலாம். சில பேருக்கு மூளையில ரத்த ஓட்டம் அடைச்சு ஒரு பக்கமே விழுந்துடும். அப்ப வாயும் கோணும், காலும் இழுக்கும்."

கந்தப்பன் கஷ்டப்பட்டுச் சிரித்தான். முகம் கோணவில்லை. "நாக்க நீட்டு" என்றார் டாக்டர். கந்தப்பன் நீட்டினான். பக்கத்தில் நின்ற வடிவும் நீட்டினாள். பிறகு கால்களைத் தூக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வோர் இடமாகத் தொட்டார்.

"அங்க தெரியாது ஐயா" என்றாள் வடிவு, அவர் புறங்கைக்குப் போகும் முன்பே. "கோழி எறகால நான் பாத்துட்டேன். கட்டைவெரலுக்குப் பின்னாடி மட்டும்தான் தெரியல."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தொட்டும் பார்த்தார். அவள் சொன்னது சரிதான்.

"மூளையில கோளாறு இல்ல. பிள்ளைங்களுக்குக் காய்ச்சலோட வருமே, அந்த வாதமும் இல்ல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இது எனக்குத் தெரிஞ்ச நோவுதான். சம்பளத்தன்னிக்கு நெறயக் குடிச்சிட்டு, நாற்காலியில கையத் தொங்கப் போட்டுத் தூங்குறவங்களுக்கு வரும். எவ்வளவு குடிச்ச?"

கந்தப்பன் விருட்டென்று எழுந்தான். முகம் சிவந்துவிட்டது.

"நீங்களுமா ஐயா? வாங்கம்மா போவோம். எனக்குக் கையே வேணாம்!"

அவன் வாசலைத் தாண்டிப் போனால் திரும்பி வர மாட்டான் என்று வடிவுக்குத் தெரியும். கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, அண்ணே குடிக்கல. காமன் வேஷம் கட்டினிச்சு! புஜக்கட்டை விழுந்துடக் கூடாதுன்னு இங்க கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாங்க. எரிஞ்ச காமனுக்கு விடிஞ்சு பூசை வைக்கிற வரைக்கும் வேஷத்தக் கழட்டக் கூடாது. அதுதான் எங்க தோட்டத்து மொறை. அதனால அண்ணே அந்தக் கட்டோடயே, நாற்காலி முதுகுல கையப் போட்டுக்கிட்டுத் தூங்கிடிச்சு!"

ஒரே மூச்சில் சொன்னதால் அவளுக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் கந்தப்பனை உட்கார வைத்து, கயிற்றுத் தடத்தைத் தடவிப் பார்த்தார். "நான் கேட்டது தப்பு, கந்தப்பா" என்றார். "இங்க எலும்ப ஒட்டி ஒரு நரம்பு போகுது. மணிக்கட்டத் தூக்கவும் வெரல நீட்டவும் அதுதான் சேதி கொண்டு போகணும். அது ராத்திரி முழுக்க நசுங்கிடுச்சு. தசைக்கு ஒண்ணும் ஆகல. சேதி வரலன்னு அது சும்மா கெடக்கு."

வடிவுக்குக் காலையில் ஆள் கூட்டும் பெரட்டு ஞாபகம் வந்தது. தப்புச் சத்தம் கேட்டால்தான் ஆட்கள் வேலைக்குக் கூடுவார்கள்.

"தப்பு அடிக்கலன்னா ஆளுங்க எல்லாம் லயத்துலயே குந்தியிருப்பாங்களே, அப்படியா ஐயா?"

"அப்படியேதான்!" என்று டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆளுங்க இருக்காங்க. தப்பு சத்தம்தான் போய்ச் சேரல."

பின்னால் நின்ற மாஸ்டர் மெல்ல முன்னால் வந்தார்.

"அப்படின்னா, அவன் வேஷத்தக் கழட்டிட்டுப் படுத்திருந்தா இது வந்திருக்காதா ஐயா?"

"வந்திருக்காது."

"விரதத்தக் கெடுத்ததால வரல. விடாமக் காத்ததாலதான் வந்திருக்கு." மாஸ்டரின் குரல் உடைந்தது. "நான் கட்டுன கட்டு..."

"மாமா" என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள் வடிவு. "கட்டை விழுந்து இன்னொருத்தரு தலை ஒடையக் கூடாதுன்னுதானே கட்டினீங்க?"

மாஸ்டர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கந்தப்பனின் தொங்கும் கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். கந்தப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் டாக்டர் ஒரு துண்டு வெட்டிப் பஞ்சு சுற்றினார். மணிக்கட்டு தொங்காமல் நிமிர்ந்து நிற்கும்படி அதைக் கைக்கு அடியில் வைத்து, தளர்வாகத் துணி சுற்றினார்.

"ஒத்தடம் வேணாம், புறங்கை வெந்துடும். முரட்டுத்தனமா எண்ணெய் போட்டு உருவ வேணாம். பலகைய அப்பப்ப எடுத்துட்டு, இன்னொரு கையால மணிக்கட்டயும் வெரலயும் மெதுவாத் தூக்கி இறக்கணும். இல்லாட்டி மூட்டு இறுகிடும்."

"எப்ப ஐயா சரியாகும்?" என்று கேட்டாள் அம்மா.

"பெரும்பாலும் தானா வந்துடும். சில வாரம் ஆகலாம், சில மாசமும் ஆகலாம். சத்தியம் பண்ணித் தர என்னால முடியாது. வரலன்னா நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறேன்."

அன்று மாலை மாஸ்டர் ஆண்டியப்பன் லயத்துக்கு நடுவில் நின்று, கூத்தில் சிவனுக்குப் பாடுகிற குரலில் சொன்னார்: "கந்தப்பன் விரதம் சுத்தம்! இனிமே எவனாச்சும் வாயத் தொறந்தா, அடுத்த வருஷம் அவனுக்குத்தான் புஜக்கட்டை. கட்டப் போறவன் நான்!"

அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இடது கையால் செய்கிற சின்ன வேலை ஒன்று கந்தப்பனுக்குக் கிடைத்தது. வடிவு பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் பலகையை அவிழ்ப்பாள். "தூக்கு, இறக்கு. வெரல நீட்டு, மடக்கு" என்று கங்காணியைப்போல அதட்டியபடி அவன் கையைத் தானே தூக்கி இறக்குவாள். பிறகு, "இப்ப நீயாத் தூக்கு" என்பாள். கை தொங்கும். "பரவாயில்ல, நாளைக்குப் பாப்போம்" என்பாள்.

நாளைகள் போய்க்கொண்டே இருந்தன. சித்திரையும் பிறந்தது. கந்தப்பனுக்கு நம்பிக்கை தேய்ந்துவிட்டது. சில நாள் வடிவுக்கும் உள்ளே பயமாக இருக்கும். டாக்டர் சத்தியம் பண்ணித் தரவில்லையே! அவள் அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் மாலை, பனிமூட்டம் லயத்தை மூடிக்கொண்டிருந்தது. வடிவு வழக்கம்போலப் பலகையை அவிழ்த்தாள்.

"வேணாம் வடிவு. செத்த கைக்கு என்னத்துக்கு இந்தப் பாடு?"

"செத்த கையில நெகம் வளருமா? நேத்துதானே வெட்டினேன்."

"ஒன்னோட கேள்வியும் நீயும்! என்னயக் கொஞ்சம் சும்மா விடு."

"ஒரே ஒரு தடவ தூக்கிப் பாரு. எங்க, இப்ப எதாச்சும் குறுகுறுங்குதா? நேத்து மாதிரிதான் இருக்கா? இல்லாட்டி..."

கந்தப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போடி அந்தப் பக்கம்!" என்று கையை வீசி விரட்டினான்.

வடிவு போகவில்லை. வாயைப் பிளந்தபடி அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவ வெரட்டு."

"என்னது?"

"என்னய வெரட்டுண்ணே. அதே கையால."

கந்தப்பன் அப்போதுதான் குனிந்து பார்த்தான். அவன் விரட்டியது வலக்கையால்! மெல்ல, பயந்து பயந்து, "போ" என்றான். மணிக்கட்டு நடுங்கியது. கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் மேலே எழுந்தது. பிறகு விழுந்தது.

"அம்மா! அண்ணே என்னய வெரட்டுது! ஓடியா!"

அம்மா கையில் அகப்பையோடு ஓடிவந்தாள். "ஏன்டா புள்ளய வெரட்டுற? ஒனக்கு எவ்வளவு செய்யிறா..." என்று தொடங்கியவள், எழுந்து எழுந்து விழும் அந்தக் கையைப் பார்த்தாள். அகப்பை கீழே விழுந்தது.

"எங்க, என்னயும் வெரட்டுடா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கந்தப்பன் அம்மாவையும் விரட்டினான். சத்தம் கேட்டு ஓடிவந்த மாஸ்டரையும் விரட்டினான். மாஸ்டர் விரட்டப்பட்டவராகவே வாசல்வரை ஆடிக்கொண்டு போய்த் திரும்பினார்.

அன்று விளக்கு வைக்கும்வரை கந்தப்பன் தன் தங்கையை விரட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.